காப்புக் கட்டிய குதிரை

போன கிழமை என் மகள் போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டினாள். விலா எலும்பு தெரிய ஒரு குதிரை நின்றது. யாரோ அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்களாம், அன்பாகப் பார்த்துக்கொள்ளும் வீடு வேண்டுமாம், விருப்பமுள்ளவர்கள் தத்தெடுத்துக்கொள்ளலாமாம். "பாவம்மா, நம்ம ஒண்ணு எடுப்பமா?" என்றாள். அவள் இருப்பது வத்தளையில் ஒரு மாடி வீட்டில். துணி காயப்போடக்கூட இடமில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நாங்க வளத்திருக்கோம்டி" என்றேன். "லயத்துலயா? குதிரையா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

அவள் நம்ப வேண்டாம், நீங்கள் நம்புவீர்கள். நுவரெலியா பக்கத் தேயிலைத் தோட்டங்களில், லயத்து வரிசை வீடுகளில் பிறந்து, இப்போது முழங்கால் தைலமும் மூக்குக் கண்ணாடியுமாகத் திரிகிற நம் வயதுக்காரர்களுக்கு ஆளில்லாத குதிரை ஒன்றும் அதிசயமில்லை. சித்திரையில் டவுனில் குதிரைப் பந்தயம் நடக்கும். கொழும்புக்காரர்கள் தொப்பி போட்டுக்கொண்டு வருவார்கள், போவார்கள். ஓட முடியாமல் போன குதிரைக்குத் தீனி போட மனமில்லாதவர்கள் அதை ரோட்டில் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். அது பாட்டுக்கு மழையில் நனைந்துகொண்டு குப்பையைக் கிளறும். யாரும் கேட்பதில்லை. படம் பிடித்துப் போட அப்போது போனும் இல்லை.

அப்படி ஒன்று எங்கள் லயத்துக்கு வந்த வருஷம் எனக்கு மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ. பருவமழை தொடங்கிவிட்டிருந்தது. சாயங்காலம் லயத்துக்குப் பின்னால் ஒரே கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால், அப்பாவின் லீக்ஸ் பாத்தி நடுவில் ஒரு குதிரை. சேறு அப்பிச் சாம்பல் நிறத்தில் இருந்தது. பின்னங்கால் ஒன்றைத் தாங்கித் தாங்கி வைத்தது. தகரத்தைத் தட்டுகிறார்கள், கல்லால் அடிக்கிறார்கள். அது ஓடவில்லை. அடி விழ விழ லீக்ஸைத் தின்றுகொண்டே இருந்தது. அவ்வளவு பசி.

அந்த நேரம் பார்த்து என் அத்தை பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். அப்பாவின் கூடப்பிறந்த தங்கச்சி. எங்களுக்கு அடுத்த ஒற்றையறைக் காம்பராவில் தனியாக இருந்தாள். மாமா கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர், போனவர்தான். அங்கே அவருக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று லயம் முழுக்கத் தெரியும், அத்தை காதுபடப் பேசமாட்டார்கள். பேசினால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு வாய் அவளுக்கு.

"கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களாடா? ஒரு நொண்டிக்கு இத்தன ஆம்பளையா?" என்று கத்திக்கொண்டே உள்ளே இறங்கினாள். தலையில் தொங்கிய கொழுந்துக் கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாள். கூடைக் கயிற்றை அவிழ்த்துக் குதிரையின் கழுத்தில் போட்டாள். இழுக்கக்கூட இல்லை. அவள் நடந்தாள், அது பின்னால் வந்தது.

அப்பா வாசலில் வழியை மறித்தார்.

"என்னா புள்ள இது?"

"குதிரைண்ணே."

"அது தெரியுது. எங்க கொண்டு போற?"

"மாடு செத்ததுல இருந்து என் பட்டி சும்மாதான கெடக்கு."

"பால் குடுக்குமா இது?"

"குடுக்காது."

"சாமான் சுமக்குமா?"

"அதையே அதால சுமக்க முடியல."

"அப்ப என்னாதான் செய்யும்?"

"திங்கும்" என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டிப் போய்விட்டாள்.

அத்தையிடம் அதற்குப் போட வேறு ஒன்றும் இல்லை, புல்தான். வேலை முடிந்து வந்து, இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்காமல், ஓடைக்கரைக்குப் போய் அறுத்துக்கொண்டு வருவாள். நானும் ஒரு சின்னக் கட்டுச் சுமப்பேன். அட்டை ஏறிய காலைச் சுரண்டிக்கொண்டே பட்டியில் உட்கார்ந்து அது தின்பதைப் பார்ப்போம். ஈரக் குதிரையின் வாடை உங்களில் யாருக்காவது தெரியுமா? மழையில் நனைந்த கம்பளியைப் புகையடுப்புப் பக்கத்தில் காயவைத்தால் வருமே, கிட்டத்தட்ட அது. மாமா விட்டுப்போன பழைய கம்பளியைத்தான் அத்தை அதன் முதுகில் போட்டிருந்தாள். அதைத் "தம்பி" என்று கூப்பிடுவாள். "அப்ப நானும் அதுக்கு அண்ணனா?" என்று அப்பா முறைப்பார். ஆனால் அதன் லத்தியை அள்ளிப் பாத்திக்குப் போட்டு லீக்ஸ் கொழுத்ததும் முறைப்பது குறைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை தேங்காய்ப் பொச்சால் அதைத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் நிறம் போனது. சதையும் கொஞ்சம் பிடித்தது. ஒரு நாள் வெயில் அடித்தபோது பார்த்தால், அது நல்ல வெள்ளைக் குதிரை. வினை அங்கேதான் தொடங்கியது.

எங்கள் மாரியம்மன் கோயில் வாசலில் மதுரைவீரன் காவல் நிற்பது உங்களுக்குத் தெரியும். கையில் வாள் உண்டு, மீசை உண்டு, குதிரை இல்லை. செய்து வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு திருவிழாவிலும் பேசுவார்கள், செய்ததில்லை. கோயிலுக்கும் தொழிற்சங்கத்துக்கும் ஒரே தலைவர்தான். அவர் அந்த வெயிலில் பட்டிப் பக்கமாக வந்தவர், வெள்ளைக் குதிரையைப் பார்த்து அப்படியே செருப்பைக் கழற்றிவிட்டார்.

"வீரனுக்கு வாகனம் வந்திருச்சு" என்றார்.

அத்தை பாய்ந்து வந்தாள். "தலைவரே, இது ரேசுல ஓடுன குதிர. நான்தான கொண்டாந்து கட்டுனேன்?"

"கொண்டாந்தது நீ. கொண்டாரச் சொன்னது யாரு?"

அன்றைக்கே கூடைக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, சாமிக் குதிரையைக் கட்டக் கூடாது என்றார்கள். கோயில் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு, மஞ்சள் பூசி, கழுத்தில் மணி கட்டினார்கள். நாளுக்கு ஒரு காம்பரா என்று தீனிக்கு முறை வைத்தார்கள். லயமே தத்தெடுத்துக்கொண்டது என்று வையுங்கள்.

சாமிக்கு வைப்பதை யாராவது ஏனோதானோ என்று வைப்பார்களா? முதல் வீட்டில் சோற்றில் சர்க்கரை போட்டுப் பிசைந்து வைத்தார்கள். அடுத்த வீட்டில் தேங்காய்ப்பூவும் சேர்ந்தது. அதற்கடுத்த வீட்டில் பச்சைப்பயறும் நெய்யும். அம்மா எங்களுக்கே கண்ணில் காட்டாத சீனியை டப்பாவோடு கவிழ்த்தாள். தோட்டத்து உத்தியோகத்தர் கண்டாக்கு ஐயா வீட்டிலிருந்து வாழைப்பழம் சீப்புச் சீப்பாக வந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுதல் இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், மகனுக்கு வேலை, மகளுக்கு மாப்பிள்ளை. அத்தையின் முறை வந்தால் மட்டும் புல்லுக்கட்டு. "சாமிக்கும் புல்லா? கஞ்சப் பிசினாறி" என்று பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். குதிரை பளபளவென்று பெருத்தது. எங்கள் பிள்ளை மாதிரி எல்லோருக்கும் அதைப் பார்த்துப் பெருமை.

ஆடி பிறக்கும்போது குதிரை நகர்வதை நிறுத்திவிட்டது. முன்னங்கால் இரண்டையும் முன்னுக்கு நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றது. தள்ளினாலும் அசையவில்லை. முதுகில் ஏதோ பெரிய பாரம் இருப்பதுபோல நடுங்கியது. தலைவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஏறி உக்காந்துட்டாருய்யா" என்றார். "வீரன் மேல ஏறி உக்காந்துட்டாரு. அந்தக் கனம் தாங்காமத்தான் நிக்குது."

குலவை போட்டார்கள். சூடம் கொளுத்தினார்கள். ஒரு நாளைக்கு ஒரு வீட்டுப் பொங்கல் இரண்டு வீட்டுப் பொங்கலானது. நானும் விழுந்து கும்பிட்டேன். சாமியை அவ்வளவு கிட்டத்தில் யாருக்குப் பார்க்கக் கிடைக்கும்?

அத்தை மட்டும் கும்பிடாமல் குனிந்து அதன் குளம்பில் கை வைத்தாள். "அடுப்புல வச்ச கேத்தல் மாதிரி சுடுதுண்ணே" என்று அப்பாவிடம் வந்து சொன்னாள். "சாமி இருந்தா சுடாதா?" என்றார் அப்பா.

தொரை பங்களாவின் பசுவுக்கு ஊசி போட மாட்டு டாக்டர் ஒருவர் டவுனிலிருந்து வருவார். யாழ்ப்பாணத்துக்காரர், சிடுசிடுவென்று இருப்பார். அவர் ஜீப் வருவதை மலையில் நின்று பார்த்த அத்தை, கங்காணி கத்தக் கத்தக் கூடையோடு இறங்கி ஓடி, ரோட்டு நடுவில் நின்றுவிட்டாள். டாக்டர் அவளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டுதான் கோயிலுக்கு வந்தார். குதிரையின் காலைத் தொட்டுப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பொங்கல் பானையை எட்டிப் பார்த்தார்.

"என்ன குடுத்தனீங்கள் இதுக்கு? சோறும் சக்கரையுமோ? குதிரைக்கு உது நஞ்சு. குளம்புக்குள்ள வீங்கிக் கிடக்கு, வேதனையிலதான் சாஞ்சு நிக்குது. இண்டையிலிருந்து புல்லும் தண்ணியும் மட்டும் குடுங்கோ. குளிர் தண்ணிக்குள்ள காலை வைக்க விடுங்கோ. இல்லாட்டிக் குளம்பு கழண்டிடும். பிறகு துவக்கால சுடுறதைத் தவிர வேற வழி இல்லை."

தலைவர் அவருக்கு மரியாதையாகக் கும்பிடு போட்டார். "ஐயா மாட்டுக்குப் படிச்சவங்க. இது எங்க சாமி சமாச்சாரங்க."

"சாமியைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை. சோத்தை நிப்பாட்டுங்கோ" என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

அன்று சாயங்காலமும் பொங்கல் வந்தது. அத்தை குறுக்கே நின்றாள். பானையோடு வந்தவள் அழுதுவிட்டாள். "எம் புள்ளைக்குக் காச்ச விடலக்கா. இன்னைக்கு என் முற. என் சோத்த மட்டும் சாமி வேணாம்னுச்சா?" அவளை எப்படித் தள்ளுவது? யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் சங்கடம். எல்லோரும் அதன் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். அத்தை ஒதுங்கி நின்றுவிட்டாள். குதிரை தின்றது. தின்னத் தின்ன அதன் முன்னங்கால் வெடவெடவென்று ஆடியதை நான் பார்த்தேன்.

இரண்டொரு நாளில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. தப்பு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பூசாரி மஞ்சள் கயிற்றை ஒவ்வொரு கையாகக் கட்டிக்கொண்டு வந்தார். அத்தை தலையோடு குளித்த ஈரச் சேலையில் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கொண்ணு கட்டுங்க பூசாரி. அதுக்கொண்ணு கட்டுங்க" என்று குதிரையைக் காட்டினாள்.

தப்பு நின்றுவிட்டது.

"சாமிக் குதிரைன்னா அதுவும் வெரதம் இருக்கணுமா இல்லியா? நம்ம எல்லாம் ஒரு நேரம் சாப்பிட்டுச் சுத்தமா இருக்கறப்போ, அது மட்டும் மூணு நேரமும் நெய்ப் பொங்கல் திங்கலாமா? நீங்களே சொல்லுங்க."

ஆமாம்தானே என்று நாலு பேர் தலையாட்டினார்கள். தலைவர் தாடையைத் தடவினார். அவர் முட்டாள் இல்லை. "வாயில்லா சீவன் தானா வெரதம் இருக்க முடியாது. யாராவது ஒரு ஆளு அதோட சேந்து இருக்கணும். அந்த ஆளு தப்புனா அதுவும் தப்புனதாத்தான் கணக்கு. நீ இருப்பியா?"

"இருக்கேன்."

"என்னா நேர்த்தி?"

"அத வெளிய சொல்லலாமா தலைவரே?"

சொல்லக் கூடாதுதான். பூசாரி அத்தையின் கையிலும் குதிரையின் காலிலும் காப்பைக் கட்டினார். நேர்த்தி என்னவென்று ஊருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொழும்புக்குப் போன புருஷன் திரும்பி வர வேண்டும், வேறென்ன? தலைவரின் மனைவி அத்தையைக் கட்டிப்பிடித்து அழுதாள். 

அதன் பிறகு ஒருவரும் பொங்கல் கொண்டு வரவில்லை. காப்புக் கட்டியவருக்குச் சோறு ஊட்டிப் பாவம் தேட யாருக்குத் தைரியம்? நடக்க முடியாத குதிரையை அத்தை கெஞ்சிக் கெஞ்சி ஓடைக்கு இறக்கினாள். ஐஸ் மாதிரித் தண்ணீர். வேலை முடிந்த களைப்போடு அவளும் முழங்கால் தண்ணீரில் அதோடு நிற்பாள். உதடு நீலம் பாரித்துவிடும். ஒரு நாள் கரையில் இருந்தபடி கேட்டேன்.

"மாமா வரணும்னா அத்த இப்படி நிக்கிறீங்க?"

அவள் சிரித்த சிரிப்பில் குதிரையே திரும்பிப் பார்த்தது. "அந்தாளுக்காகவா? வந்தா அடுப்புக் கட்டையாலயே வெளுப்பேன். இவனுக்குக் கால் வலிக்குதுடி, அவ்வளவுதான். யாருகிட்டயும் வாயத் திறந்துராத."

திருவிழா முடிவதற்குள் குதிரை தானாகவே ஓடைக்கு இறங்கியது. கடைசி நாள், மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் காப்பு அறுக்கும் நேரம். கோயிலுக்குப் பின்னால் பெண்கள் பானைகளைத் தயாராக வைத்துவிட்டார்கள். இத்தனை நாள் பட்டினி கிடந்த குதிரை அல்லவா, அதற்கு விருந்து. அத்தை அந்தப் பானைகளைப் பார்த்தாள். பூசாரி கத்தியோடு கிட்டத்தில் வந்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

"என் நேர்த்தி இன்னும் தீரல பூசாரி."

ஆமாம், அந்த மனுஷன் இன்னும் வரவில்லையே என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். பானைகளைக் கவிழ்த்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

அதிலிருந்து அத்தைக்கு ஒரு நேரச் சாப்பாடுதான். காலையில் வெறுந்தேத்தண்ணி, மத்தியானம் மலையில் ஒரு ரொட்டியும் சம்பலும், அப்புறம் மறுநாள்தான். ஏமாற்றவும் முடியாது. லயத்துச் சுவர் கூரையைத் தொடாது, பக்கத்து வீட்டில் எண்ணெய் காய்ந்தால் நமக்குத் தெரிந்துவிடும். அத்தைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் தலைவர் வீடு. சாயங்காலம் லயம் முழுக்கப் புகை எழும்பும், அவள் காம்பராவிலிருந்து மட்டும் எழும்பாது. அம்மா ரொட்டி சுடும் வாசம் அவளுக்கும்தான் போயிருக்கும்.

கதை அதோடு முடிந்திருந்தால் அத்தையைக் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பார்கள். லயத்துப் பெண்கள் நல்ல மனசோடு ஒரு காரியம் செய்தார்கள். உன் பெண்டாட்டி உனக்காகப் பட்டினி கிடந்து சாகிறாள் என்று கொழும்புக்கு ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்கள். மாமா வந்துவிட்டார்! கையில் ஒரு கேக் பெட்டி, தோளில் குடை, முகத்தில் குற்ற உணர்ச்சி. லயமே கூடியது. பூசாரியைக் கூப்பிட்டு வந்தார்கள். நேர்த்தி பலித்துவிட்டது, காப்பை அறு என்றார்கள். யாரோ அதற்குள் பொங்கலுக்கு அரிசியும் களைந்துவிட்டார்கள்.

அத்தை கையை நீட்டவில்லை.

"நான் கேட்டது இவர இல்ல" என்றாள்.

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. "பின்ன யாரடி கேட்ட?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு புல்லறுக்கப் போய்விட்டாள். மாமா கேக் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு மத்தியான பஸ்ஸிலேயே போனார். புருஷன் காலடிக்கு வந்தும் காப்பை அவிழ்க்காதவளைப் பற்றி என்னென்ன பேசுவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பேசினார்கள். கங்காணியைச் சேர்த்துப் பேசினார்கள், டாக்டரைச் சேர்த்தும் பேசினார்கள். அப்பா அன்றைக்கு அவளோடு பேச்சை நிறுத்தியவர்தான். ஒரே சுவர், இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தங்கச்சி. வருஷக்கணக்கில் ஒரு வார்த்தை இல்லை. பேசினாலும் பேசாவிட்டாலும் காப்பு காப்புதான். கெட்ட பெயர் எடுத்தவளின் விரதத்தையும் உடைக்க ஒருவருக்கும் துணிச்சலில்லை. குதிரை புல் தின்றது, நடந்தது, வெயிலில் கண்ணை மூடி நின்றது.

நான் பெரிய வகுப்புக்கு வந்த பிறகு, ஒரு மார்கழிக் காலையில் அது ஓடைக்கரையில் படுத்திருந்தது. வயதாகிவிட்டது, வேறொன்றும் இல்லை. தலைவர் ஆள் வைத்துக் கோயில் மேட்டில் குழி வெட்டி, மாலை போட்டு மரியாதையாகப் புதைத்தார். அத்தை அன்றைக்குக்கூட வேலைக்குப் போய்விட்டு வந்தாள்.

சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றாள். அம்மா அடுப்படியில் மாப் பிசைந்துகொண்டிருந்தாள். அப்பா அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார். அத்தையின் மணிக்கட்டில் கயிறு இல்லை. அது இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது.

"அண்ணி" என்றாள். "ராவைக்கு எனக்கும் சேத்து ரொட்டி போடுங்க."

அம்மாவின் கை மாவிலேயே நின்றுவிட்டது. அப்பா அத்தையின் வெறுங்கையைப் பார்த்தார். கோயில் மேட்டுப் பக்கம் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். அவருக்கு விளங்க அவ்வளவு நேரம் பிடித்தது. பிறகு என் அப்பா, எதற்கும் கலங்காத மனுஷன், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"மொதல்லயே சொல்லித் தொலச்சிருக்கக் கூடாதா புள்ள?"

"சொன்னா நீங்க எல்லாம் பொங்கல் வச்சிருப்பீங்க" என்றாள் அத்தை.

அப்பா அடுப்புக்கு முன்னாலிருந்து எழுந்து, சூடான அந்த இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். அம்மா போட்டுக்கொண்டே இருந்தாள், அத்தை தின்றுகொண்டே இருந்தாள்.